கணக்கெழுதாத கல்லாப்பெட்டி



2025 ஜூலை மாத இறுதியில், வல்லத்திராக்கோட்டையில் பலசரக்குக் கடை நடத்தும் நம் சகோதரர் ஒருவர், கல்லாப்பெட்டிக்கு முன்னால் ஒட்டியிருந்த க்யூஆர் அட்டையைச் சுரண்டி எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டார். ஏன் என்று கேட்டோம். “போன்பேயில் காசு வாங்கினால் லட்சக்கணக்கில் வரி வந்துவிடுமாம் அண்ணே. பெங்களூரில் காய்கறிக்காரனுக்கே நோட்டீஸ் வந்திருக்கிறதாம்” என்றார். அன்று முதல் அவர் கடையில் ரொக்கம் மட்டுமே. கையில் சில்லறை இல்லாத பிள்ளைகள் அடுத்த கடைக்குச் சென்றுகொண்டிருந்தார்கள்.

அவர் கேள்விப்பட்ட செய்தி பொய்யன்று. கர்நாடக மாநில வணிகவரித் துறை, அந்த மாதத்தில் யுபிஐ வழியே பெருந்தொகை பெற்றிருந்த சிறு வணிகர்கள் பலருக்கு ஜி.எஸ்.டி. நோட்டீஸ் அனுப்பியது. ஹாவேரியில் காய்கறி விற்பவர் ஒருவருக்கு 29 லட்சம் ரூபாய் கேட்டு வந்த நோட்டீஸ் நாடெங்கும் பேசப்பட்டது. பெங்களூரில் பல கடைகளில் ‘யுபிஐ இல்லை, ரொக்கம் மட்டும்’ என்ற பலகைகள் தொங்கின. பின்னர் முதலமைச்சர் சித்தராமையா வணிகர்களை அழைத்துப் பேசி, பழைய நிலுவை வசூலிக்கப்படாது என்றும், வரம்பைத் தாண்டியவர்கள் இனிப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்றும் அறிவித்தார். பதப்படுத்தாத காய்கறிக்கு ஜி.எஸ்.டி.யே இல்லை, அதை மட்டும் விற்பவர் பதிவு செய்யவும் தேவையில்லை. ஆகவே அந்த ஹாவேரி நோட்டீஸின் கதை வேறு. நம் சகோதரரின் கதையைப் பார்ப்போம்.

அவருடைய கடையில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 8,000 ரூபாய்க்கு வியாபாரம் நடக்கிறது. ஒரு நாள்கூடக் கடையை மூடவில்லை என்றே வைத்துக்கொண்டாலும் ஆண்டுக்கு 29 லட்சத்து 20 ஆயிரம். தமிழ்நாட்டில் பொருள் விற்பவர் ஜி.எஸ்.டி. பதிவு செய்யவேண்டிய வரம்பு 40 லட்சம். ஹோட்டல், பழுதுபார்ப்புப் பட்டறை போன்ற சேவைத் தொழில்களுக்கு 20 லட்சம். ஆக, அவர் வரம்புக்கு வெகு கீழே நிற்கிறார். (ஒரு நுணுக்கத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். வரி விதிக்கப்படும் சரக்கும் வரியில்லாச் சரக்கும் கலந்து விற்கும் கடையில், 40 லட்சத்தைக் கணக்கிடும்போது வரியில்லாத பாலும் காய்கறியும்கூட விற்றுமுதலில் சேரும். ‘நம் கடையில் பாதிச் சரக்குக்கு வரியே கிடையாது’ என்று அதைக் கழித்துவிட்டு எண்ணுவோர் பலரைக் கண்டிருக்கிறோம்.)

அடுத்தது வருமான வரி. விரிவான கணக்குப் புத்தகம் வைக்க இயலாத சிறு வணிகருக்கென்று சட்டத்தில் ஓர் எளிய வழி உண்டு. விற்றுமுதலில் ஒரு பங்கை லாபம் என்று கொண்டு, அதற்கு மட்டும் வரி பார்ப்பது அது. 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் இதற்குப் பிரிவு 44ஏடி என்று பெயர். விற்றுமுதல் 2 கோடி வரை இருப்போருக்கு இது பொருந்தும். ரொக்க வரவு 5 சதவீதத்துக்குள் இருந்தால் 3 கோடி வரையிலும். ரொக்கமாக வந்த தொகையில் 8 சதவீதமும், வங்கி வழியாகவோ யுபிஐ வழியாகவோ வந்த தொகையில் 6 சதவீதமும் லாபம் என்று கொள்ளப்படும்.

அட்டையைச் சுரண்டிய சகோதரர் இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். அவருடைய வரவு முழுவதும் ரொக்கமானால் லாபம் 2,33,600 ரூபாய் என்று கொள்ளப்படும். முழுவதும் போன்பேயில் வந்திருந்தால் 1,75,200 மட்டுமே. எதைக் கண்டு அவர் அஞ்சினாரோ, அதன் வழியே வந்த பணத்துக்குச் சட்டம் சலுகை தருகிறது! உண்மை லாபம் இதைவிடக் கூடுதல் என்றால் கூடுதலையே காட்ட வேண்டும், அதுவே நேர்மை. அவருக்கு நூற்றுக்குப் பதினைந்து நிற்கிறது என்றே கொள்வோம். 4,38,000 ரூபாய். 2025-26 நிதியாண்டில் புதிய வரிமுறைப்படி 4 லட்சம் வரை வரியில்லை. மீதி 38,000-க்கு 5 சதவீதம் 1,900 ரூபாய். அதுவும், இந்தியாவில் வசிப்போரின் வருமானம் 12 லட்சத்துக்குள் இருந்தால் முழுவதும் தள்ளுபடி ஆகிவிடும். எந்தப் பக்கமிருந்து கூட்டினாலும் அவர் அரசுக்குச் செலுத்த வேண்டிய வருமான வரி ஒரு ரூபாயும் இல்லை.

இதை ஒரு தாளில் எழுதிக் காட்டியபோது அவர் சிரித்தார். பிறகு நாம் கேட்ட இன்னொரு கேள்விக்கு அவரால் சிரிக்க முடியவில்லை. “ஜகாத் எப்படிக் கணக்கிடுகிறீர்கள்?” என்று கேட்டோம். “ரமலான் இருபத்தேழில் ஐயாயிரம் எடுத்து வைத்துவிடுவேன், அல்ஹம்துலில்லாஹ்” என்றார். ஐந்தாயிரம் எப்படி வந்தது? அவருடைய தந்தை காலத்தில் ஆயிரம் கொடுத்தார்களாம். விலைவாசி ஏறியதால் இவர் ஐந்தாயிரம் ஆக்கியிருக்கிறார்.

அவரோடு அமர்ந்து சரக்கைக் குத்துமதிப்பாக எண்ணினோம். கடையிலும் பின்னறையிலும் 4 லட்சம் ரூபாய்ச் சரக்கு. கையிருப்பும் வங்கி இருப்பும் ஒன்றரை லட்சம். கடன் நோட்டில், கட்டாயம் வந்துவிடும் என்று அவரே உறுதி சொல்லும் பாக்கி 80,000. புதுக்கோட்டை மொத்த வியாபாரிகளுக்கு அவர் தரவேண்டியது 1,30,000. கடனைக் கழித்தால் 5 லட்சம். அதில் இரண்டரை சதவீதம் 12,500. (கடன் ஜகாத்தைக் குறைக்காது என்பது ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கருத்து. அதன்படி பார்த்தால் 15,750.) அவர் கொடுத்துவந்தது 5,000. ஆண்டுக்கு 7,500 ரூபாய், வல்லத்திராக்கோட்டையிலும் அதன் சுற்றுப்புறத்திலும் உள்ள விதவைகளுக்கும் ஏழைகளுக்கும் உரிய பணம், அவரறியாமலே அவருடைய கல்லாவில் தங்கியிருந்திருக்கிறது.

அரசுக்கு அஞ்சிக் கணக்கெழுதாமல் இருந்தவர் அரசுக்கு எதுவும் தரவேண்டியதில்லை. பாக்கி இருந்தது அல்லாஹ் கடமையாக்கிய பங்கில்தான். இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது இதுவே. நம் சமுதாயத்தின் சிறு வணிகர்களிடையே வரியைப் பற்றிய அச்சம் கணக்கைப் பற்றிய அச்சமாக மாறிவிட்டது. அந்த அச்சம் முதலில் கெடுப்பது நம் மார்க்கக் கடமைகளை என்பது நம் கருத்து.

ஜகாத் கொடுத்துவிட்டோமே, வரி வேறு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. இரண்டும் வெவ்வேறு கணக்குகள். ஜகாத், நிஸாபை அடைந்து ஓராண்டு நிறைந்த செல்வத்தின் மீது. வருமான வரி, ஆண்டில் ஈட்டிய லாபத்தின் மீது. ஜகாத்துக்குச் சந்திர ஆண்டு. வரிக்கு ஏப்ரல் முதல் மார்ச் வரை. ஏப்ரல் கணக்கையே ஜகாத்துக்கும் வைத்துக்கொள்ள விரும்பும் வணிகர்கள் 2.5-க்குப் பதிலாக 2.577 சதவீதம் கொடுக்க வேண்டும் என்று இக்கால ஆலிம்கள் விளக்கியிருக்கிறார்கள். சூரிய ஆண்டில் பதினோரு நாள் கூடுதலல்லவா. செலுத்திய வரி ஜகாத் ஆகாது. பெறுபவர் வேறு, நோக்கம் வேறு, நிய்யத்தும் வேறு.

இரண்டையும் சட்டத்தால் இணைத்த நாடுகள் இருக்கின்றன. மலேசியாவில் வாழும் நம்மவர்கள், அங்கீகரிக்கப்பட்ட அமைப்பிடம் ஜகாத் செலுத்தி ரசீது பெற்றால், அந்தத் தொகை அவர்கள் செலுத்தவேண்டிய வருமான வரியிலிருந்தே கழிக்கப்படும். பிரிட்டனில் ‘கிஃப்ட் எய்ட்’ என்ற முறை இருக்கிறது. வரி செலுத்தும் ஒருவர் அங்கீகாரம் பெற்ற அறநிறுவனத்துக்கு ஜகாத்தாகவோ சதக்காவாகவோ 1 பவுண்டு கொடுத்து ஒரு படிவத்தில் ஒப்பமிட்டால், அரசு அந்த நிறுவனத்துக்கு மேலும் 25 பென்ஸ் தருகிறது. அங்குள்ள பள்ளிவாசல்கள் இதனால் பெரிதும் பயனடைகின்றன. இந்தியாவில் இத்தகைய ஏற்பாடு இல்லை. ஏழையின் கையில் நேரே கொடுக்கும் ஜகாத்துக்கு வரிக் கழிவு கிடையாது. 80ஜி அங்கீகாரம் பெற்ற அறக்கட்டளைக்குக் கொடுத்தால், பழைய வரிமுறையைத் தேர்ந்தவருக்கு மட்டும் ஒரு பகுதி கழிவு உண்டு. அதுவும் 2,000 ரூபாய்க்கு மேற்பட்ட தொகையை ரொக்கமாகக் கொடுத்தால் இல்லை. வரிக்கழிவுக்காக நாம் ஜகாத் கொடுப்பதில்லை என்பதால் இதில் வருந்த ஒன்றுமில்லை.

மற்றொரு வாதமும் காதில் விழுகிறது. அநியாய வரி வசூலிப்போரை ஹதீஸ் கண்டித்திருக்கிறதே, ‘மக்ஸ்’ ஹராம் அல்லவா, எனவே மறைப்பதில் குற்றமில்லை என்கிறார்கள். வழியில் நின்று வணிகர்களிடம் பறித்த அக்காலச் சுங்கத்தையும், சட்டமன்றத்தில் விவாதித்து, சாலைக்கும் மருத்துவமனைக்கும் ரேஷன் அரிசிக்கும் செலவிடும் இன்றைய வரியையும் ஒன்றாக்குவது சரியன்று என்பதே நாம் அறிந்த ஆலிம்களின் விளக்கம். இன்றைய வரிகள் எல்லாம் நியாயமானவை என்று நாம் சொல்லவில்லை. ஏழை வாங்கும் சோப்புக்கும் செல்வந்தர் வாங்கும் சோப்புக்கும் ஒரே ஜி.எஸ்.டி. என்பது நமக்கு உறுத்தலாகவே இருக்கிறது. ஆனால் வரி நியாயமா என்பது ஒரு கேள்வி. ‘இந்த விவரங்கள் உண்மை’ என்று ஒப்பமிட்டுப் பொய் எழுதலாமா என்பது வேறு கேள்வி. சட்டம் தரும் சலுகைகளை முழுவதும் பயன்படுத்தி வரியைக் குறைத்துக்கொள்ள யாருக்கும் உரிமை உண்டு. பொய்க்கு அந்த உரிமை இல்லை.

இனி, நம் வழக்கங்களும் சட்டமும் ஒன்றோடொன்று உரசும் இடங்களைப் பார்ப்போம். பொதுவான வரி வழிகாட்டிகளில் இவை வருவதில்லை.

முதலாவது கைமாற்று. வட்டியை வெறுக்கும் சமுதாயம் என்பதால் அழகிய கடன் நம்மிடையே தாராளமாகப் புழங்குகிறது. மகள் நிக்காஹ்வுக்கு ஒரு லட்சம், கடைக்குச் சரக்கெடுக்க ஐம்பதாயிரம் என்று, மஃக்ரிபுக்குப் பிறகு வீட்டுத் திண்ணையில் ரொக்கமாகக் கைமாறும். சாட்சியும் இல்லை, எழுத்தும் இல்லை. நல்ல மனத்தோடு செய்யும் இந்தச் செயலில் கடன் பெற்றவருக்கு ஆபத்து இருக்கிறது. 20,000 ரூபாயோ அதற்கு மேலோ கடனை ரொக்கமாக வாங்கக் கூடாது என்கிறது வருமான வரிச் சட்டம் (1961 சட்டத்தின் 269எஸ்எஸ்). மீறினால் வாங்கிய தொகைக்குச் சமமான அபராதம் விதிக்கலாம். ஒரு லட்சம் வாங்கியவருக்கு ஒரு லட்சம்! திருப்பிக் கொடுப்பதற்கும் இதேபோன்ற விதி இருக்கிறது. கொடுப்பவர், வாங்குபவர் இருவருக்கும் விவசாய வருமானம் இருந்து, இருவருக்குமே வரிக்குரிய வேறு வருமானம் இல்லையென்றால் விலக்கு உண்டு. கடைக்காரருக்கு அது பெரும்பாலும் உதவாது.

இதற்கு மாற்று எளிது. வங்கிக் கணக்கு வழியே கொடுத்து, வங்கி வழியே திரும்பப் பெறுவது. கூடவே ஒரு தாளில் தொகையையும் தவணையையும் எழுதி இரண்டு சாட்சிகளின் ஒப்பம் வாங்கிவிடுவது. திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் தொழுகையைப் பற்றியதன்று, நோன்பைப் பற்றியதன்று. அல்பகரா அத்தியாயத்தின் 282-ஆம் வசனம், கடனை எழுதிவைப்பதைப் பற்றியது. எழுதுபவர் எப்படி இருக்க வேண்டும், வாசகத்தைச் சொல்ல வேண்டியவர் யார், சாட்சிகள் எத்தனை என்பதுவரை அது விரித்துரைக்கிறது. ‘நமக்குள் என்ன எழுத்து’ என்று சொல்லும்போது நாம் சட்டத்தை மட்டுமா ஒதுக்குகிறோம்?

இரண்டாவது, நாம் தொட விரும்பாத வட்டி. சேமிப்புக் கணக்கில் வங்கி தானாகவே வட்டியை வரவு வைத்துவிடுகிறது. இரண்டு லட்சம் இருப்பு இருந்தால், 2.5 சதவீதத்தில் ஆண்டுக்கு 5,000 ரூபாய். பேணுதலுள்ள சகோதரர்கள் அதைத் தனியே எடுத்து, நன்மையை எதிர்பாராமல் தேவையுள்ளோருக்குக் கொடுத்துவிடுகிறார்கள். ‘நான்தான் அதைப் பயன்படுத்தவில்லையே’ என்று வரிக்கணக்கில் காட்டாமலும் விடுகிறார்கள். தவறு இங்கேதான். சட்டத்தின் பார்வையில் அது உங்கள் கணக்கில் விழுந்த வருமானம். வருமான வரித் துறையின் இணையதளத்தில் உங்கள் பான் எண்ணின் கீழ் இருக்கும் ஆண்டுத் தகவல் அறிக்கையில் அந்த 5,000 ஏற்கெனவே ஏறியிருக்கும். நீங்கள் காட்டாவிட்டால் இரண்டும் பொருந்தாமல் கேள்வி வரும். வருமானமாகக் காட்டிவிட்டு, தொகையை உங்கள் ஆலிம் காட்டும் வழியில் அப்புறப்படுத்துங்கள். காட்டுவதால் அது ஹலால் ஆகிவிடுவதில்லை. காட்டாததால் இல்லாமல் போய்விடுவதும் இல்லை.

உம்ராவைப் பற்றியும் சொல்ல வேண்டும். இதில் நம்மவர்கள் இழக்கும் பணம் சிறிதன்று. வெளிநாட்டுப் பயணத் தொகுப்பு விற்கும் நிறுவனம், பயணியிடமிருந்து டி.சி.எஸ். என்ற வரியை முன்கூட்டியே வசூலித்து அரசுக்குக் கட்டுகிறது. 2025-26-இல் 10 லட்சம் வரை இது 5 சதவீதமாக இருந்தது. ஒரு குடும்பம் நான்கு பேருக்கு நான்கு லட்சம் செலுத்தி உம்ரா சென்றது என்றால் 20,000 ரூபாய். இதைக் கட்டணத்தின் ஒரு பகுதி என்று எண்ணிப் பலரும் மறந்துவிடுகிறார்கள். அது கட்டணமன்று, யாருடைய பான் எண்ணில் கட்டப்பட்டதோ அவருடைய வரவு. அவருக்கு வரியே இல்லையென்றால், ரிட்டர்ன் தாக்கல் செய்தால் 20,000 முழுவதும் அவருடைய வங்கிக் கணக்குக்குத் திரும்பும். தாக்கல் செய்யாவிட்டால் அரசிடமே தங்கிவிடும். பயண நிறுவனத்திடம் டி.சி.எஸ். சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள்; படிவம் 26ஏஎஸ்-இல் அந்தத் தொகை ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறவில்லையென்றால், வசூலித்த பணம் எங்கே போயிற்று என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

வல்லத்திராக்கோட்டை விவசாய பூமி. பக்கத்து வம்பனில் பயறு ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. கடைக்காரருக்கும் ஓரிரு மா நிலம் இருக்கும். தன் நிலத்தில் விளைந்த உளுந்தையோ கடலையையோ தேங்காயையோ விற்ற வருமானத்துக்கு மத்திய வருமான வரி இல்லை. ஆனால் பிறர் விளைத்த உளுந்தை வாங்கி விற்றால் அது வியாபாரம். பால் மாடும், ஆட்டுக் கிடையும், கோழிப் பண்ணையும் கிராமத்தில் விவசாயம் என்றே பேசப்பட்டாலும் வரிச் சட்டத்தில் அவை தொழில்கள். கடை வருமானத்தோடு 5,000 ரூபாய்க்கு மேல் விவசாய வருமானமும் உள்ளவர், சிறு வணிகருக்கான எளிய ஐ.டி.ஆர்.-4 படிவத்தைப் பயன்படுத்த முடியாது, ஐ.டி.ஆர்.-3 வேண்டும். இது தெரியாமல், வயல் வருமானத்தை விட்டுவிட்டு எளிய படிவத்தில் போட்டுவிடும் ஆடிட்டர்கள் உண்டு.

வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ இருப்பவர்களுக்கு ஒரு சொல். நீங்கள் வெளிநாடு வாழ் இந்தியராக இருக்கும்வரை அங்கே பெற்ற சம்பளத்துக்கு இங்கே வரி இல்லை. ஆனால் இங்குள்ள வாடகையும் வட்டியும் வரிக்குரியவை. மேலே சொன்ன 12 லட்சம் வரையிலான தள்ளுபடி உங்களுக்குக் கிடையாது, 4 லட்சம் வரையிலான விலக்கு மட்டுமே. ஊரில் இருந்தபோது திறந்த சாதாரண சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றாமல் வைத்திருப்பதும் விதிக்கு மாறானது.

இனிச் சொல்லப்போவது கசப்பானது. ‘ரீஃபண்ட் வாங்கித் தருகிறேன், கிடைப்பதில் எனக்குப் பத்து சதவீதம்’ என்று அலையும் தரகர்களிடம் சம்பளக்காரச் சகோதரர்கள் சிலர் சிக்குகிறார்கள். கட்டாத வீட்டு வாடகை, கொடுக்காத நன்கொடை, எடுக்காத காப்பீடு என்று எழுதி, பிடிக்கப்பட்ட வரியைத் திரும்ப வாங்கித் தருகிறார்கள். 2025 ஜூலையில் வருமான வரித் துறை இத்தகைய தரகர்களைக் குறிவைத்துத் தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்களில் சோதனை நடத்தியது. அகப்படுவதைப் பற்றி நாம் பேசவில்லை. வங்கி வட்டி ஐயாயிரத்தைக் கையால் தொட அஞ்சும் மனிதர், கொடுக்காத நன்கொடைக்காகப் பதினைந்தாயிரம் ரீஃபண்ட் வாங்கி, அதில் பிள்ளைக்குப் பெருநாள் துணி எடுக்கிறார். அந்தப் படிவத்தில் இருப்பது தரகரின் ஒப்பமன்று, அவருடையது. இப்படிச் செய்திருந்தால், திருத்திய ரிட்டர்ன் தாக்கல் செய்து திரும்பக் கட்ட வழியிருக்கிறது. தவ்பாவுக்கு முன்னால் உரியவரிடம் உரியதைச் சேர்ப்பிக்க வேண்டும் என்பது நாமெல்லாம் மத்ரஸாவில் படித்ததே.

வரி இல்லாதவர் எதற்கு ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டும் என்று கேட்கலாம். வருமானம் 4 லட்சத்தைத் தாண்டாதவருக்குச் சட்டப்படி பெரும்பாலும் கட்டாயமில்லை; தாண்டினால், தள்ளுபடியால் வரி இல்லாவிட்டாலும் தாக்கல் செய்தாக வேண்டும். ஆயினும் ஒரு கணக்கைச் சொல்கிறோம். முப்பத்தெட்டு வயது வணிகர் ஒருவர் சாலை விபத்தில் மரணமடைகிறார் என்று கொள்வோம், அல்லாஹ் பாதுகாப்பானாக. மனைவி, இரண்டு பிள்ளைகள், தாய். உண்மையில் மாதம் 25,000 சம்பாதித்தவர். தாளில் எதுவும் இல்லை. மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் ஆதாரம் கேட்கும். இல்லையென்றால் தானே ஒரு தொகையை ஊகித்துக்கொள்ளும். 15,000 என்று ஊகித்ததாக வைத்துக்கொள்வோம். உச்ச நீதிமன்றம் சரளா வர்மா வழக்கிலும் (2009) பிரணய் சேத்தி வழக்கிலும் (2017) வகுத்த முறைப்படி, நாற்பது வயதுக்குட்பட்ட சுயதொழிலருக்கு எதிர்கால உயர்வாக 40 சதவீதம் கூட்டி, நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்குக் கால் பங்கைக் கழித்து, அந்த வயதுக்குரிய 15-ஆல் பெருக்க வேண்டும். காட்டப்படாத அந்த 10,000 ரூபாய், ஆண்டுக்கு 1,20,000; கூட்டினால் 1,68,000; கழித்தால் 1,26,000; பெருக்கினால் 18 லட்சத்து 90 ஆயிரம். இத்தனையும் அந்த யத்தீம்களுக்குக் கிடைக்காமல் போகும். மாதம் 25,000 என்றால் ஆண்டுக்கு 3 லட்சம். அதை உள்ளபடியே காட்டியிருந்தாலும் அவருக்கு வரி ஒரு ரூபாயும் வந்திராது. முந்தைய ஆண்டுகளின் ரிட்டர்ன்கள் மூன்று தாள்கள். அவைதாம் அந்தப் பிள்ளைகளின் பக்கம் நின்று பேசும் சாட்சி.

1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2026 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து 2025-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. பிரிவு எண்கள் மாறிவிட்டன. ‘மதிப்பீட்டு ஆண்டு’ போய் ‘வரி ஆண்டு’ வந்திருக்கிறது. 2025-26 வருமானத்துக்கான தாக்கல் பழைய சட்டப்படியே. சம்பளக்காரர்களுக்கு வழக்கமான கெடு ஜூலை 31. 2025-இல் அதைச் செப்டம்பருக்கு நீட்டினார்கள். இவ்வாண்டும் நீட்டுவார்கள் என்று காத்திருப்பது நல்லதன்று. கெடு தவறினால், வருமானம் வரம்பைத் தாண்டியவருக்குத் தாமதக் கட்டணம் 1,000. மொத்த வருமானம் 5 லட்சத்துக்கு மேலானால் 5,000.

கணக்கெழுதப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. நம் பாட்டன்மார் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் சென்று வணிகம் செய்தபோது பேரேடும் சிட்டையும் எழுதியவர்கள்தாம். கடைக்கு ஒரு வங்கிக் கணக்கு, வீட்டுக்கு ஒரு வங்கிக் கணக்கு என்று முதலில் பிரிக்க வேண்டும். மகன் சிங்கப்பூரிலிருந்து அனுப்பும் பணமும், திரும்பி வந்த கைமாற்றும், கடை க்யூஆரில் விழுந்தால் எல்லாம் விற்பனையாகத் தோன்றும். இரவு கடை அடைக்குமுன் அன்றைய ரொக்க வரவு, வங்கி வரவு, சரக்குக்குக் கொடுத்தது, வீட்டுக்கு எடுத்தது என்று நான்கு எண்கள். கொள்முதல் பில்களை மாதவாரியாக ஓர் உறையில் போட்டு வைக்க வேண்டும். ஜகாத் நாளில் ஒருமுறையும் மார்ச் 31-இல் ஒருமுறையும் சரக்கை எண்ண வேண்டும். 2026-இல் ரமலான் மார்ச் மாதத்தில் நிறைவுற்றதால் இரண்டு கணக்கெடுப்பும் ஏறக்குறைய ஒன்றாகவே முடிந்தன. ஆண்டுதோறும் பத்துப் பதினொரு நாள் விலகிச் செல்லும்.

அந்தச் சகோதரர் ஆலங்குடிக்குச் சென்றபோது நீளமான நோட்டு ஒன்று வாங்கி வந்தார். முதல் பக்கத்தில் பிஸ்மி எழுதி, முந்தைய ஆண்டுகளுக்கு எத்தனை 7,500 பாக்கி இருக்கும் என்று ஆலிமிடம் கேட்டுக் குறித்துக்கொண்டிருக்கிறார். மாதத் தவணையாகக் கொடுத்து முடிப்பதாகத் திட்டம், இன்ஷா அல்லாஹ். க்யூஆர் அட்டையும் புதிதாக வந்துவிட்டது. பழைய பசையின் தடம் கண்ணாடியில் போகவில்லையாம், அதன்மேலேயே ஒட்டியிருக்கிறார்.